பாதிக் கட்டில்

மகளுக்குக் கடும் காய்ச்சல். வண்ணார்பேட்டை மருத்துவமனையில் படுக்கை இல்லை. வராந்தாவில் என் அருகே, நடவு வயலிலிருந்து ஓடிவந்த சேரன்மகாதேவிப் பெண். அவள் மடியிலும் ஒரு குழந்தை அனத்திக்கொண்டிருந்தது.

"மாடி காலியாத்தான கெடக்கு?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"ஒரு முதலாளி மொத்தமா எடுத்திருக்காவம்மா. அவங்க அம்மா நாளைக்குப் பரிசோதனைக்கு வாராவ."

பெயரைக் கேட்டேன். அந்த முதலாளியிடம்தான் என் கணவர் வேலை பார்க்கிறார். பதற்றத்தில் அதைச் சொல்லிவிட்டேன். உடனே ஓர் அறையைத் திறந்தார்கள்.

"போங்கக்கா, ஒரு பிள்ளையாவது கட்டில்ல படுக்கட்டும்," என்றாள் அந்தப் பெண்.

அகலமான கட்டில். மகள் ஓரமாகச் சுருண்டு தூங்கினாள். ஒரு மாடியையே பூட்டிவைத்தவரை மனதுக்குள் திட்டியபடி கதவைச் சாத்தினேன். மாலைவரை மறுபாதி காலியாகவே கிடந்தது. அவளை நான் கூப்பிடவில்லை.

ஒருவருக்கு எதற்கு இவ்வளவு என்று இன்றும் கேட்கிறேன். கேட்கும்போதே அந்தக் கதவு நினைவுக்கு வருகிறது.