மெக்சிக்கோக் குசினியில் ஒரு யாழ்ப்பாணத்தான்

குசினியில் நிற்பவனுக்குச் சொந்த நாடு என்று ஒன்று கிடையாது. வருகிறவர் எந்த நாட்டுச் சாப்பாடு கேட்கிறாரோ, வேலை முடியும்வரை அவன் அந்த நாட்டுக்காரன். பீற்சாக் கடையில் இத்தாலியனாகவும் சுஷிக் கடையில் யப்பானியனாகவும் நின்று முழங்கால் தேய்ந்த என் சனமே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஒஸ்லோவில் மெக்சிக்கன். அகதியாக வந்து, கோப்பை கழுவி, வெங்காயம் வெட்டி, இப்போது அடுப்படிக்குப் பொறுப்பாக நிற்கிறேன். முதலாளி ரூனே நோர்வேக்காரர். ஒருமுறை மெக்சிக்கோவுக்கு விடுமுறையில் போய்வந்தவர், வந்த கையோடு இந்தக் கடையைத் திறந்துவிட்டார். நல்ல மனிதர். இன்னொரு முறை போயிருந்தால் திறந்திருக்க மாட்டார்.

சொந்த ஊர்

எங்களுடையது திறந்த குசினி. சாப்பிடுகிறவர்களுக்கு எங்கள் முகம் தெரியும். என் நிறமும் மீசையும் கடைக்குப் பொருத்தம் என்று ரூனேக்கு ஒரே சந்தோசம். மீசையை எடுத்துவிடாதே என்று இரண்டொரு தடவை கேட்டும் இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் நேர்மையான ஆளாக இருந்தேன். மெக்சிக்கோவில் எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் இலங்கை, அதிலும் வடக்கு, அங்கே ஒரு சண்டை நடந்தது என்று தொடங்குவேன். அதற்குள் அடுப்பில் இருப்பது கருகிவிடும்.

ஒரு நாள் ஒரு அம்மையார் கேட்டபோது எனக்குக் களைத்துப் போயிருந்தது. யாழ்ப்பாணம் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. புருசனையும் கூப்பிட்டு என்னைக் காட்டிவிட்டுச் சொன்னார்: "யாழ்ப்பாணமோ? போன வருசம் அதுக்குப் பக்கத்து ஊரிலைதான் நாங்கள் நிண்டனாங்கள். கடற்கரை நல்ல துப்புரவு."

லூப்பே வந்த வெள்ளிக்கிழமை

நோர்வேக்காரருக்கு வெள்ளிக்கிழமை என்றால் டாக்கோ. எங்கள் சனம் வெள்ளிக்கு மச்சம் மாமிசம் தொடாதது போல, அவர்கள் வெள்ளிக்கு டாக்கோ தவறவிட மாட்டார்கள். அரைத்த இறைச்சி, தகரப்பேணிச் சோளம், வெள்ளரிக்காய், துருவிய சீஸ் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்துக்கொண்டு, மெல்லிய ரொட்டியில் சுருட்டி, குடும்பமாக உட்கார்ந்து தின்பார்கள். வீட்டில் தின்றது காணாதென்று கடைக்கும் வருவார்கள். வந்தால் வீட்டில் இருந்த அதே சாமான் இருக்க வேண்டும்.

அப்படியொரு வெள்ளிக்கிழமைதான் லூப்பே வேலைக்கு வந்தாள். முப்பது வயதுப் பெண். பூவெப்லா என்ற ஊர்க்காரி. அசல் மெக்சிக்கோச் சமையற்காரி. ஒஸ்லோவில் அவளுடைய சனம் கொஞ்சப் பேர்தான். நோர்வேக்காரரைக் கட்டி வந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம், படிக்க வந்த சிலர், எண்ணெய்க் கம்பெனிக்கு வந்த எஞ்சினியர்மார். எங்களைப் போலக் கோவிலும் கலியாண வீடும் என்று கூடுவதற்கு அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அவள் சமையலுக்கென்றே விசா எடுத்து வந்தவள். முழுநேரச் சமையல் வேலை இருக்கும்வரைதான் அவளுக்கு இந்த நாடு. அதை முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள்.

நாங்கள் கதைப்பது நோர்வேஜிய மொழியில். அவளும் என்னைச் சிவா என்றுதான் கூப்பிடுவாள். இந்த நாட்டில் கிழவனையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எழுத்தில் அண்ணை என்று போடுகிறேன், என் ஆசைக்கு. அன்று அவள் என்னிடம் மெக்சிக்கோச் சமையல் பழகினாள். வெள்ளரிக்காயை நான் எப்படி வெட்டுகிறேன் என்று கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றவள், கடைசியில் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணை, இதை வீட்டுக்குப் படமெடுத்து அனுப்பாமல் விடுவம், என்ன?"

மிளகாய்

இதற்கு விளக்கம் வேண்டியதே இல்லை. லூப்பே செத்தல் மிளகாய் வறுத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கறுத்த, காய்ந்த மிளகாய். குசினியில் எல்லாரும் இருமினார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு நிறைந்தது. மேல்மாடியில் குடியிருக்கிற நோர்வேக்காரப் பெண்மணி இறங்கி வந்தார். இந்த ஊரில் மிளகாய்த்தூளுக்கு வறுத்த எல்லாரும் இப்படி ஒருவரைச் சந்தித்திருப்பீர்கள். சத்தம் போட மாட்டார்கள். அதுதான் பயம். காற்றுப்போக்கி வேலை செய்கிறதா, வெளியே குளிர் எப்படி என்று எல்லாம் விசாரித்துவிட்டுப் போகும்போது சொன்னார்: "எனக்கு இதிலை ஒரு பிரச்சினையும் இல்லை. என்ரை பூனைதான் வீட்டை விட்டுப் போட்டுது."

அதற்குப் பிறகு ஒஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமில் என் வீட்டுக் கார்க் கொட்டகையில் வைத்து வறுத்தோம். அங்கே அக்கம்பக்கத்தார் என்னுடன் கதைப்பதை விட்டுக் கனகாலம் என்பதால் கரைச்சல் இல்லை. என் மனைவி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கொட்டகையில் நின்று இருமுகிற இரண்டு பேரையும் பற்றி ஒரு முடிவுக்கு வந்தாள்: "உங்களுக்குத் துணைக்கு மெக்சிக்கோவிலையும் ஒரு விசர்ப் பைத்தியம் இருந்திருக்கு."

திரும்பி வந்த கோழி

அந்த மிளகாயோடு எள்ளு, கச்சான் கடலை, கறுவாப்பட்டை, கொக்கோ எல்லாம் சேர்த்து அரைத்து அவள் ஒரு கறுத்தக் குழம்பு வைத்தாள். மோலே என்று பெயர். கோழிக்கு மேலே ஊற்றிச் சாப்பிடுவது. நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றேன். ரூனேயும் ருசி பார்த்துவிட்டுச் சரி என்றார். வெள்ளிக்கிழமை விசேடம் என்று பலகையில் எழுதினோம்.

முதலில் அதைக் கேட்டவர் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர். ஸ்தவாங்கரில் எண்ணெய் வேலை செய்து ஓய்வுபெற்று ஒஸ்லோவுக்கு வந்த பெரியவர். வெள்ளி தவறாமல் மனைவியோடு வருவார். ஒரு வாய் வைத்தார். கோழி திரும்பி வந்துவிட்டது. இது மெக்சிக்கோச் சாப்பாடு இல்லை, எத்தனையோ வருசமாக வீட்டில் டாக்கோ செய்கிற தனக்குத் தெரியாதா என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்று மற்ற மேசைகளிலிருந்தும் கோழிகள் திரும்பின. அடுத்தடுத்த வாரங்களிலும் அதுதான் கதை. லூப்பே திரும்பி வந்ததை எல்லாம் ஒரு சட்டியில் சேர்த்தாள்.

கொஞ்ச நாளில் ரூனே என்னைத் தனியே கூப்பிட்டார். தை மாதத்திலிருந்து இரண்டு முழுநேரச் சமையல் வேலை கட்டாது, லூப்பேக்குப் பாதி வேலைதான் தரலாம் என்றார். பாதி வேலை என்றால் அவள் பெட்டி கட்ட வேண்டும் என்று அவருக்கும் தெரியும். அவள் என்ன பிழை செய்தாள் என்று கேட்டேன். அவர் கவலையோடுதான் சொன்னார்: "அவ நல்லாச் சமைக்கிறா சிவா. அதுதான் பிரச்சினை."

படையல்

நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் ஊரில் செத்தவர்களுக்குப் படைப்பார்கள். லூப்பே ரூனேயிடம் கேட்டு, குசினிக்கு முன்னால் இருந்த பலகைத் தட்டில் தன் அப்பாவின் படத்தை வைத்தாள். தொப்பி போட்ட ஒல்லி மனிதர், கையில் அப்பிள் கூடை. சீவியகாலம் முழுக்க அமெரிக்காவில் பழத்தோட்டங்களில் வேலை செய்தவர். வீட்டுக்கு வந்து போன நாட்கள் குறைவு. படத்துக்குச் செவ்வந்திப் பூ வேண்டும் என்றாள். அந்தக் குளிரில் செவ்வந்திக்கு எங்கே போவது? ட்வெய்ட்டாவில் எங்கள் ஆட்களின் கடையில் சாமிப் படத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் மாலை ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். அதைப் போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் மோலேயும் கோழியும் வைத்தாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. கடை நிறைந்த சனம். ஸ்தவாங்கர்ப் பெரியவரும் மனைவியும் வெகுநேரமாகக் காத்திருந்தார்கள். படத்தைப் பார்த்து யார் என்று கேட்டார்கள். சமையற்காரியின் அப்பா, காலமாகிவிட்டார், அவருக்குப் பிடித்த சாப்பாடு இது என்று சொன்னேன். சொன்ன வாயோடு, எங்கள் வீடுகளில் செய்கிறபடி, படைத்ததை எடுத்து அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டேன். படைத்துக் கும்பிட்டாயிற்று, பசித்தவர்கள் முன்னால் இருக்கிறார்கள், வேறென்ன செய்வது? திரும்பினால் லூப்பே வெளிறிப்போய் நிற்கிறாள். அவர்கள் வழக்கத்தில் அந்தக் கோப்பை இரவு முழுக்க அங்கேயே இருக்க வேண்டுமாம். அப்பா இன்னும் சாப்பிடவில்லை என்றாள். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போகலாம் போல இருந்தது.

கோப்பையைத் திருப்பி வாங்கவும் வழியில்லை. அந்த வாரம் நோர்வேக்காரரும் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துகிற வாரம். பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மனைவியோடு பகிர்ந்து, மெல்ல மெல்ல முழுவதையும் சாப்பிட்டார். பக்கத்து மேசைகள் பார்த்தன. தங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்டன. லூப்பே அப்பாவுக்குப் புதிதாக ஒரு கோப்பை வைத்துவிட்டு, மிச்சத்தைப் பரிமாறினாள். ஒரு கோழியும் திரும்பி வரவில்லை. பெரியவர் போகும்போது படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு என்னிடம் சொன்னார்: "அவருக்கு என்ரை நன்றியைச் சொல்லுங்கோ. கொஞ்சம் உறைப்பு."

அப்பாவின் வேலை

அடுத்த கிழமை செத்தவரின் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். ரூனே யோசித்துவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைகளில் படத்தை வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, மோலே போடுவதென்றால் தையில் யாருடைய வேலையையும் குறைக்கத் தேவையில்லை என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வாரா வாரம் ஒரு மனிதரைச் சாகடித்தா கோழி விற்பது? வேண்டாம் பிள்ளை, வேறு கடை பார்க்கலாம் என்று லூப்பேயிடம் சொன்னேன். அவள் படத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மாலையை நேராக்கினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, களைத்த சிரிப்பு ஒன்று வந்தது. "பரவாயில்லை அண்ணை. உயிரோடை இருக்கேக்கை எங்களுக்காக வெளிநாட்டிலை நிண்ட மனிசன். இப்பவும் நிக்கட்டும்," என்றாள்.

இந்த ஊரில் எங்கள் சாப்பாட்டை எங்கள் சாப்பாடாகவே விற்க வேண்டுமென்றால், சமைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, வீட்டில் யாராவது ஒருவர் செத்தும் இருக்க வேண்டும்.