குடத்தில் வெட்டிய பெயர்

என் தங்கை பிச்சையம்மாள் இதுவரை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்து பிழைத்தது முதலாவது. எனக்கும் அவளுக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் இவளைத் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, பிச்சை என்று பெயர் வைத்தார்கள். அடுத்தது, எங்கள் ஊர்க் கண்மாயில் கருவேலம் வெட்டும் ஏலத்தை ஆண்கள் மட்டும் நின்ற கூட்டத்தில் நின்று எடுத்தது. நூறு நாள் வேலையில் குடிதண்ணீரை வேலை நடக்கிற இடத்துக்கே கொண்டுவர வைத்தது. மகளிர் குழு ஆண்டு விழாவில், பேரன் எடுக்கிற வயதில், மியூசிக்கல் சேர் ஆடி எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கியது. தோற்றவர்களில் பஞ்சாயத்துத் தலைவியும் ஒருவர். தன் வீட்டுக்காரர் உக்கிரபாண்டியைக் கருவாடு இல்லாமல் ஒரு வாரம் இருக்க வைத்து, அக்கினிச்சட்டியும் எடுக்க வைத்தது. கடைசியாக, வலது மார்பில் வந்த புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, மாத்திரை ஐந்து வருடம் சாப்பிட்டு, இந்த வருடம் டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

புற்றுநோயைக் கடைசியில் வைத்தது நானாக வைத்ததல்ல. யாராவது கேட்டால் அவள் டிபன் பாக்ஸைத்தான் முதலில் சொல்லுவாள்.

எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம். அக்கா தங்கை இருவரும் ஒரே ஊரில் வாழ்க்கைப்பட்டோம். நான் எட்டாவது வரை படித்து, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். அவள் பள்ளிக்கூடம் போகவில்லை, ஆடு மேய்த்தாள். பிறகு கரி மூட்டம் போட்டாள். கருவேலங்கட்டைகளை அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்து, காற்று போகிற ஓட்டைகளைப் பார்த்துப் பார்த்து அடைக்க வேண்டும். காற்று அதிகம் போனால் கரி கிடைக்காது, சாம்பல்தான் கிடைக்கும். அந்த வேலையில் அவள் விரல் ரேகை தேய்ந்துபோனது. ரேஷன் கடை மெஷின் அவள் விரலை ஏற்காது. பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, "வேற யாரும் வீட்ல இருந்தா வரச் சொல்லுங்க" என்பார்கள். காகிதத்தில் என்றால் கைநாட்டு. அதுவும் கறுப்பாக ஒரு பொட்டு மாதிரிதான் விழும்.

2020 மாசி மாதம் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"யக்கா, இங்க தொட்டுப் பாரு."

"என்னடி அது?"

"என்னன்னு தெரிஞ்சா உன்னய எதுக்குத் தொடச் சொல்றேன்?"

இலந்தைப்பழம் அளவு இருந்தது. வலி இல்லை என்றாள். வலி இல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அருப்புக்கோட்டையில் காட்டினோம், மதுரைக்குப் போகச் சொன்னார்கள். காரியாபட்டி வழியாகப் பஸ்ஸில் போனோம். அங்கே ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் இவாஞ்சலின் என்கிற அம்மா எங்களை உட்கார வைத்து, புற்றுநோய்தான், ஆரம்ப நிலை, மார்பை எடுத்துவிடலாம் என்று நேராகச் சொன்னார். மார்ச் 26 என்று தேதி கொடுத்தார். சம்மதக் காகிதத்தில் பிச்சையம்மாள் கைநாட்டு வைத்தாள். உக்கிரபாண்டி பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 25 அன்று நாட்டையே அடைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கட்டடம் முழுக்கக் கொரோனா வார்டாக மாறுகிறது, அவசரம் இல்லாத ஆபரேஷன் எல்லாம் தள்ளிவைக்கிறோம் என்றார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாரும் கேட்டோம். அவசரம் இல்லாதது என்ற சொல்லைக் கேட்டு உக்கிரபாண்டி எழுந்து வெளியே போய்விட்டார். பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தம் இல்லாத மனிதர். ஆட்டுக்கு ஊசி போட்டால்கூட அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மாவே பேசினார்.

"பிச்சையம்மா, பயப்படாதீங்க. உங்க கட்டி பொம்பளைங்க உடம்புல ஊறுற ஹார்மோன வச்சுத்தான் வளருது. உங்களுக்கு மாதவிலக்கு நின்னுருச்சு, ஆனாலும் உடம்பு கொஞ்சம் ஊற வைக்கும். அதை நிறுத்துறதுக்கு ஒரு மாத்திரை. தினம் ஒண்ணு. ஆபரேஷன் நடக்கிற வரைக்கும் கட்டி வளராம பிடிச்சு வைக்கும்."

"எம்புட்டு நாளைக்கும்மா?"

"அது எனக்கே தெரியலம்மா."

போனை வைத்த பிறகு உக்கிரபாண்டி பிச்சையம்மாளிடம் கேட்டார்.

"என்ன சொல்றாக அவுக?"

"மூட்டத்துல காத்து ஓட்டைய அடைக்கிற வேலைதான். உள்ள நெருப்பு இருக்கும், மாத்திரை அதத் தின்ன விடாது."

"அணைக்க மாட்டாகளா?"

"அணைக்கிறது ஆபரேஷன். இது மட்டுப்படுத்துறது."

விளக்கிச் சொல்லிவிட்டாளே தவிர, அவளுடைய பயமும் அங்கேதான் இருந்தது. மூட்டத்தில் மண் ஓர் இடத்தில் வெடித்தால், பார்க்க ஆள் இல்லாவிட்டால், விடிவதற்குள் மொத்தமும் சாம்பல். அவளுக்கே அப்படி ஒரு மூட்டம் போயிருக்கிறது. புகை எந்தப் பக்கம் வருகிறது என்று மூட்டத்தைச் சுற்றிவருவது போலத் தினமும் கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைத் தொடச் சொல்லுவாள். நான் "அப்படியேதான் இருக்கு" என்பேன். "அப்படியேதான்னா நேத்து மாதிரியா, போன வாரம் மாதிரியா?" என்பாள். அவளிடம் பொத்தாம்பொதுவாகப் பேச முடியாது.

மாத்திரை வாங்க உக்கிரபாண்டி சைக்கிளில் அருப்புக்கோட்டை போனார். வழியில் போலீஸ் நிறுத்தியது. மார்பு என்று போலீஸிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "வீட்டுக்காரிக்கு முடியல சார்" என்று அழுதிருக்கிறார். விட்டுவிட்டார்கள். அடுத்த முறை நிறுத்தாமலே விட்டார்கள்.

பக்கத்து வீட்டுச் சவுந்தரம் நல்லவள்தான். ஜெபம் பண்ணுவாள், கஞ்சி கொண்டுவருவாள், வாயும் கொண்டுவருவாள்.

"மாத்திரையில கட்டி அடங்கும்னா டாக்டருக எதுக்குக் கத்தி வச்சிருக்காக? எனக்கென்னமோ ஒன்னய ஏமாத்துறாகன்னு தோணுது."

"அடுத்த தடவ பேசுறப்ப ஒன் வாய் அடங்குறதுக்கும் ஒண்ணு கேட்டுச் சொல்றேன். கஞ்சிய வச்சிட்டுப் போ."

ஆனி மாதம் வாக்கில் உடம்பு குப்பென்று சூடேறி வேர்க்க ஆரம்பித்தது. எங்கள் ஊரில் வெயிலுக்கு வேர்ப்பது எது, மாத்திரைக்கு வேர்ப்பது எது என்று பிரிக்க முடியாது. அது பரவாயில்லை. விரல்தான் பிரச்சினை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாது. கரிச்சாக்கின் வாயைக் கட்ட முடியாது. ஒருநாள் அவள் வீட்டில் குடத்தை நகர்த்தினேன். பின்னால் மாத்திரை அட்டை முழுசாக இருந்தது.

"சாப்பிடலையா?"

"கை செத்துப்போச்சுக்கா. கை இல்லாம உசுரு இருந்து நான் என்ன செய்ய?"

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. இந்த மாத்திரைக்கு மூட்டு பிடிப்பது உண்டு, நிறுத்தக் கூடாது, ரொம்ப முடியாவிட்டால் வேறு மாத்திரைக்கு மாற்றலாம், அதற்கு முன் விரலுக்கு வேலை கொடுத்துப் பாருங்கள் என்றார். வெந்நீரில் கை வைத்து மடக்கி நீட்ட வேண்டும். ஒரு பந்தைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். சின்னச் சின்ன வேலையாக, பொறுமையாகச் செய்ய வேண்டும்.

பந்து அவளுக்கு ஒத்துவரவில்லை. "கிறுக்கச்சி மாதிரி இருக்கு" என்று தூக்கிப் போட்டாள். ஆனால் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் போனபோது வீட்டின் பின்சுவரில் கரித்துண்டை வைத்து என்னமோ இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பித்தளைக் குடம். பாத்திரக் கடையில் அந்தக் காலத்தில் செய்வது போல, கழுத்தில் புள்ளி புள்ளியாக அவள் பெயரை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். முப்பது வருடமாகத் தினமும் தேய்த்த குடம். எழுத்து தேயவில்லை. அதைப் பார்த்துச் சுவரில் வரைகிறாள்.

"என்னடி செய்ற?"

"டாக்டரம்மா சொன்ன வேலை. சின்ன வேலை, பொறுமையான வேலை." பிறகு கரியைக் கை மாற்றிக்கொண்டு சொன்னாள். "போன தடவ கைநாட்டு வச்சேன், ஆபரேஷன் நடக்கல. இந்தத் தடவ வேற மாதிரி வச்சுப் பாப்போம்."

நான் சொல்லித்தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். குடம் போதுமாம். உக்கிரபாண்டிக்கு மட்டும் வருத்தம். பொங்கலுக்கு அடித்த வெள்ளை. "அழிச்சு அழிச்சு எழுதக் கூடாதா?" என்றார். அழித்தால் முந்தினதைவிடக் கோணல் குறைந்திருக்கிறதா என்று தெரியாது என்று சொல்லிவிட்டாள். ஆவணி முடிவதற்குள் சுவர் நிறைந்து, ஆட்டுக்கொட்டத்து மண்சுவருக்குப் போனாள். கடைசி எழுத்தின் சுழிதான் அவளுக்கு வசப்படவே இல்லை. விரல் அளவாகத் திரும்பாது. காலைகளில் கொக்கி மாட்ட என்னைக் கூப்பிடுவதும் குறைந்தது.

கட்டியும் குறைந்தது போலத் தெரிந்தது. ஆனால் தேதி வரவில்லை. இந்த வாரம், அடுத்த மாதம் என்றார்கள். ஒருமுறை சொன்ன தேதியையும் மாற்றினார்கள். "மாத்திரைக்கு எம்புட்டு நாள் கட்டுப்படும்? மூட்டம் பொறுக்கிற வரைக்கும்தான் பொறுக்கும்" என்று ஒருநாள் சொன்னாள். அன்று சாப்பிடவில்லை.

புரட்டாசிப் பொங்கல் வந்தது. அந்த வருடம் மைக் செட் இல்லை, கூட்டம் இல்லை, ஆனால் காப்புக் கட்டுவதை நிறுத்தவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தால் காளியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாகப் பிச்சையம்மாள் நேர்ந்துகொண்டாள். கிடைத்த பிறகு எடுப்பதுதான் முறை. இவள் முன்கூட்டியே எடுத்துவிட்டால் ஆத்தாளுக்கு மறுக்க முடியாது என்று கணக்குப் போட்டாள். செவ்வாய்க்கிழமை காலை பூசாரி அய்யப்பன் அவள் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். கட்டியவர்கள் அடுத்த செவ்வாய் பொங்கல் முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

மத்தியானம் போன் வந்தது. நாளை வந்து சேருங்கள், கொரோனா டெஸ்ட் எடுத்து, வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ஆத்தா இவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாரம் வரலாமா என்று கேட்டேன். விட்டால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். பிச்சையம்மாள் கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுத்துப் போடு என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூவரும் கோயிலுக்குப் போனோம்.

அய்யப்பன் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கட்டுனத அவுத்துட்டுச் சும்மா போகக் கூடாது ஆத்தா. கை மாத்திக் கட்டலாம். ஒரே அடுப்புல சாப்பிடுறவுக யாராச்சும் வாங்கிக்கிட்டா, அவுக சட்டி எடுக்கணும்."

எல்லாரும் உக்கிரபாண்டியைப் பார்த்தோம். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"நானா? நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேணாமா? மதினி வாங்கிக்கிரட்டும்."

"அவுக வேற அடுப்பு" என்றார் பூசாரி. "ஒரு வேளைச் சாப்பாடு. பீடி கூடாது. கருவாடு கூடாது. செருப்பு கூடாது."

"கருவாடுமா?"

"ஏங்க," என்றாள் பிச்சையம்மாள், "நான் மாரையே குடுக்கப் போறேன்."

உக்கிரபாண்டி கையை நீட்டினார்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரு ஆளைத்தான் விட்டார்கள். நான் போனேன். டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். இலந்தைப்பழம் மொச்சைப் பயறாக ஆகியிருந்தது. மார்பை முழுதாக எடுக்க வேண்டியதில்லை, கட்டி இருக்கிற பகுதியை மட்டும் எடுத்து, பிறகு கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தால் போதும் என்றார். பிச்சையம்மாள் "மூட்டம் வெடிக்காம நின்னுருச்சுக்கா" என்றாள். முகத்தைத் துடைத்தாள். மாஸ்க்கோடு சேர்த்துத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் சம்மதக் காகிதத்தோடு வந்தார்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"ஊர்ல. அவருக்குக் காப்புக் கட்டிருக்கு, எல்லை தாண்டக் கூடாது."

"ஆபரேஷன் யாருக்கு?"

"எனக்கு."

"காப்பு?"

"அவருக்கு."

நர்ஸ் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். அவர் மைப்பெட்டியைத் திறந்தார்.

"அத மூடுங்க தாயி. பேனா குடுங்க."

பேனா கரியைவிட ஒல்லி என்று முதலில் குறைப்பட்டாள். பிறகு குனிந்தாள். பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துவிட்டு நர்ஸ் திரும்பி வந்தபோதும் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி எழுத்தின் சுழி அன்றைக்குத்தான் சரியாக வந்தது. பெயர் முடிந்த பிறகும் கை நிற்கவில்லை. பக்கத்திலேயே 9-6-89 என்று எழுதினாள்.

"இது என்னம்மா?"

"பேரு."

"இது தேதி. முப்பது வருசத்துக்கு முந்தி."

"குடத்துல அப்படித்தான் இருக்கு. பஸ்ஸுக்கு நம்பர் இருக்கிற மாதிரி, பேருக்குப் பின்னாடி வாரது."

அது அவள் கல்யாணத் தேதி என்று நான் விளக்கினேன். குடத்தைக் கொடுத்த நாளைக் கடைக்காரர் பெயரோடு சேர்த்து வெட்டியிருந்தார். சுவர் முழுக்க அதையும் அவள் எழுதியிருந்ததை நானும் பார்த்திருக்கிறேன், வேண்டும் என்றே எழுதுகிறாள் என்று நினைத்தேன். நர்ஸ் அதன் மேல் ஒரு கோடு போட்டு, இன்றைய தேதியை எழுதச் சொன்னார். செல்போனில் தேதியைக் காட்டினேன். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, பெயருக்குப் பின்னால் எழுதினாள்: 9-10-2020.