லாரி கூட்டிய இடம்

ஆலங்குடிக்கு முன்னால், முந்திரித் தோப்பு ஓரம் லாரியை நிறுத்துகிறேன். தர்மபுரிப் பக்கம் ஏற்றிய மாட்டு எருவைத் தென்னந்தோப்பில் இறக்கியாகிவிட்டது. போன வருஷமும் இறக்கிவிட்டு இங்கேதான் லாரியைக் கூட்டினேன். துடைப்பத்தோடு இறங்குகிறேன்.

கீழே வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. கேரட் இலை போல இலை, பொரி போலப் பூ. ரோட்டோரத்தில் தொடங்கித் தோப்புக்குள் போய்விட்டது. எங்கள் ஊர்க் காடுகளைத் தின்ற பார்த்தீனியம். போன வருஷம் இங்கே ஒன்றுகூட இல்லை.

ரோட்டோர டீக்கடை அக்கா கைகளில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு பிடுங்குகிறார். முழங்கையில் தோல் தடித்து வெடித்திருக்கிறது.

“என்னக்கா இது?”

“என்ன எழவோ தம்பி. ஆடு மோந்துட்டுப் போயிருது. மாடு புல்லோட தின்னுச்சு, பாலு கசக்குது. டீ குடிக்க ஆளு வாரதில்ல. எந்தக் கட்டையில போறவன் கொட்டுனானோ, கட்டுமாவடிக் கடல்ல கொட்டியிருக்கக் கூடாதா?”

செடி தொடங்கும் இடத்தைப் பார்க்கிறேன். என் லாரியின் பின்கதவு அதற்கு நேராக நிற்கிறது.

“நான்தாங்க்கா. போன வருஷம் எரு லாரிய இங்கதான் கூட்டினேன். வெதை அதுல இருந்திருக்கு.”

அக்கா திட்டவில்லை. என் கையைப் பார்க்கிறார்.

“இன்னைக்கும் அதுக்குத்தான் எறங்குனீங்களா?”

துடைப்பம் கையிலேயே இருக்கிறது. அதை லாரிக்குள் போட்டுப் பின்கதவைச் சாத்துகிறேன். கையில் கட்ட ஒரு பை கேட்கிறேன்.