ஹாமுக்கு நான் போட்ட பத்து

இஞ்சி பூண்டு வதங்குகிற வாசம், கூடவே ஆரஞ்சுச் சாறு கொதிக்கிற வாசம்... கள்ளிக்குப்பத்தில் எங்கள் ஒற்றை ரூம் வீடு முழுக்க அன்றைக்கு அதுதான்.

கிறிஸ்துமஸ். எங்களுக்குக் கல்யாணமாகி பதினோரு வருஷம். அத்தனை வருஷமும் எங்கள் வாசல்படி மிதிக்காத என் வீட்டுக்காரரின் அக்கா, அன்று சாப்பிட வருகிறார்!

தாய் மாதிரி இவரை வளர்த்தவர். தன்னைக் கேட்காமல் என்னைக் கட்டிக்கொண்டார் என்று அவ்வளவு கோபம். இவர் நேரில் போய்க் கெஞ்சிய பிறகுதான் சரி என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இவருக்குக் கோல்டு ஸ்டோரேஜ் கறிக்கடையில் வேலை. முதலாளி ரெண்டு கிலோ ஹாம் கொடுத்தார்... உப்பில் ஊறி வெந்த பன்றித் தொடைக்கறி. மேலே பளபளவென்று இனிப்பு பிடிக்க வேண்டும், அதுதான் விஷயமே. இவருக்கு சுகர் இருந்ததால் சர்க்கரை கிடையாது. ஆரஞ்சுச் சாறு, மிளகு, மஞ்சள், ஒரே ஒரு ஸ்பூன் தேன்.

அக்காவை அழைத்துவரக் கொரட்டூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது செய்முறையைச் சொல்லிக்கொண்டே போனார். அஞ்சாவது வரை படித்தவள் நான். காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டேன்: பத்து நிமிஷத்துக்கு ஒரு வாட்டி பேஸ்ட்.

ஓவன் ஏது? பிரியாணிக்கு தம் போடுகிற மாதிரி அண்டாவில் வைத்து, மூடிமேல் தணல். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து இஞ்சி பூண்டு பேஸ்ட்டை அப்பினேன். நாலு தடவை!

ரெண்டு பேரும் வந்தார்கள். மூடியைத் திறந்த இவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா மே இது? ஹாமுக்கு பத்து போட்டு வச்சிகீற?"

"நீதான்யா பேஸ்ட் போடச் சொன்ன?"

"ஐயோ, அது வேற பேஸ்ட்! அடியில கீற சாறை மொண்டு மொண்டு மேல ஊத்துறதுக்கு இங்கிலீஷ்ல அதான் பேரு!"

"ரெண்டையும் ஒரே மாதிரிதான்யா எழுத முடியுது!"

அழுகை முட்டியது. பதினோரு வருஷம் கழித்து வந்தவர் முன்னால் போய் இப்படியா...

அக்கா அண்டா பக்கம் வந்து குனிந்தார். ஓரத்தில் மொறுமொறுவென்று இருந்ததைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். இன்னொரு துண்டு பிய்த்தார்.

"டேய், பன்னிக்கறிய இஞ்சி பூண்டு இல்லாம துன்னா வவுறு இன்னாத்துக்கு ஆவும்? அவ சரியாத்தான் செஞ்சிகீறா. உனுக்கு இன்னா தெரியும்? போய் தட்டு எடுத்துகினு வா!"

எனக்காக அக்கா பேசிய முதல் பேச்சு அது. இவர் தட்டுக்கு ஓடிய ஓட்டம் இருக்கிறதே... இப்போதும் சிரிப்பு வருகிறது.

இவர் போய் ஏழு மாசம் ஆகிறது. மகள் ஓவன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நேரமானால் அதுவே மணி அடிக்கிறது. வேலை சுலபம்தான்... குறை சொல்லத்தான் ஆள் இல்லை.

அன்றைக்கு அக்காவை வரவைக்க இவர் கெஞ்ச வேண்டியிருந்தது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவரை யாருமே கூப்பிடவில்லை. அக்கா நேற்றே வந்து இறங்கிவிட்டார், ரெண்டு பெரிய பையோடு, பத்து நாள் தங்குகிற மாதிரி.