காற்றடித்தால் பரிசல் ஏறுகிறவள்

சிலோனிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து எங்கள் மலையில் குடியேறிக்கொண்டிருந்த காலம். சோலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான் டீச்சர். கணவருக்குக் குன்னூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மூன்று வயது மகளைப் பகலில் பார்த்துக்கொள்ள, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு சிலோன்காரப் பெண்ணை ஏற்பாடு செய்திருந்தேன். என்னைவிடச் சின்னவள். தோட்டத்தில் அவளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அவள் கணவனுக்கு ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்டு.

ஆடிக் காற்று தொடங்கியிருந்தது. ஒரு மாலை மகளின் ஸ்வெட்டரைக் கழற்றினால், அதில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். பாசி வாடை. மீன் கழுவியிருப்பாள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். குழந்தையோ பாலைக் குடித்துக்கொண்டே, "தோணி ஆடுச்சும்மா. டம்மு டம்முனு ஆடுச்சு" என்றாள்.

தோட்டத்துக்குக் கீழே அணைத் தண்ணீர். மீன் பிடிப்பவர்களின் பரிசல் ஒன்று அங்கே கரையில் கவிழ்ந்து கிடக்கும்.

மறுநாள் அவளைக் கேட்டேன். "சும்மா கீழ போயிட்டு வந்தோம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் மூக்கைத் துடைக்கத் தொடங்கினாள். அவள் என் முகத்தைப் பார்க்காதது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்து வீட்டம்மா வேறு எண்ணெய் ஊற்றினார். "ஏனுங்க டீச்சர், காத்தடிக்கற நாளாப் பாத்துத்தான் அந்தப் புள்ள பரிசல் ஏறுதுங்க. மீன்காரனே அன்னிக்கு எறங்க மாட்டான். என்னத்தைக் கடத்துதோ! அதுகிட்டப் போயி கொழந்தைய உட்டிருக்கறீங்களே."

கடத்தலா? சாகத் துணிந்தவளா? அல்லது நான்தான் இல்லாததை எல்லாம் கற்பனை செய்கிறேனா? வகுப்பில் எதுவும் ஓடவில்லை.

அடுத்த முறை பள்ளிக்கூடத் தகரக் கூரை தடதடவென்று அடித்துக்கொண்டபோது, வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு இறங்கினேன். அவள் வீடு பூட்டியிருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே சரிவில் ஓடினேன்.

அலையடிக்கும் தண்ணீர் நடுவில் பரிசல் சுழன்றுகொண்டிருந்தது. அதில் அவள். அவள் முழங்காலருகே சிவப்பாக ஏதோ. என் மகளின் ஸ்வெட்டரும் சிவப்பு. கத்தினேன், குரல் எனக்கே கேட்கவில்லை.

பின்னாலிருந்து குழந்தைச் சிரிப்பு கேட்டது. மரத்தடியில் மீன்காரர்களின் பெரிய கூடைக்குள் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் கணவன் இரண்டு கையாலும் கூடையை ஆட்டிக்கொண்டிருந்தான். குழந்தை சொன்ன தோணி இதுதான். பரிசலில் சிவப்பாகத் தெரிந்தது தண்ணீர் இறைக்கும் வாளி.

"நல்லா ஏசுங்க டீச்சர்" என்றான். "நான் ஏசினா, நீயும் ஏறுங்கிறா. தலைமன்னார்ல கப்பலேறி வந்ததுலயே எனக்குக் கொடலு வெளிய வந்திருச்சு."

அவள் கரையேறினாள். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது; முகத்தில் சிரிப்பு.

"ஏம்மா, முழுகிப் போயிருந்தா? காத்தில்லாத நாள்ல போனா ஆகாதா?"

"காத்து கரைப்பக்கம் தள்ளினாத்தான் எறங்குவேன் டீச்சர்." சேலையைப் பிழிந்தாள். "அங்க எங்கள கள்ளத்தோணின்னு ஏசுவாங்க. திருட்டுத்தனமா படகேறி வந்தவங்களாம். நான் பொறந்ததே அங்க தோட்டத்துலதான், தோணியக் கண்ணால கண்டதில்ல. பேரு வாங்கியாச்சு, ஓட்டிப் பாக்க வேணாமா?"

"அதுக்குப் புயல்லயா?"

"காத்தில்லாட்டி அது பாட்டுக்கு மெதக்குது. காத்துலதான் நான் ஓட்டுறேன்னு வெளங்குது. அங்க ஏத்துனாங்க, இங்க எறக்குனாங்க. இது ஒண்ணுதான் நான் திருப்புற பக்கம் போகுது."

"எங்க போகுது? வட்டமால்ல சுத்துது" என்றான் கணவன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையிலும் காற்று. பள்ளிக்கு நேரமாகிவிட்டது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றேன், உள்ளே போகாமல்.

"இனிமே போக மாட்டேன்னு சொல்லு" என்றேன்.

அவள் யோசித்தாள். "முன்ன மறைச்சேன், நீங்க பயப்படுவீங்கன்னு. இனி மறைக்கல. போவேன் டீச்சர். புள்ளைய மட்டும் ஏத்த மாட்டேன்."

போக மாட்டேன் என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். மனசுக்குள் நம்பியிருக்க மாட்டேன். குழந்தையை அவளிடம் நீட்டினேன்.

இன்றைக்கும், நான் கேட்க விரும்பும் பதிலை யாராவது யோசிக்காமல் உடனே சொல்லிவிட்டால், எனக்கு முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான் வருகிறது.