பேர் எடுத்த மூன்று எழுத்தாளர்கள்

அன்று மாலை ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து அறையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, தங்கை, நான், அப்புறம் மூன்று எழுத்தாளர்கள். அண்ணன் இல்லை. பொந்தியானில் கொப்பரைக் கடையொன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் நேரே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரிடம் போய், "என்ன சொன்னீங்க, வெளங்கலையே" என்று கேட்டிருப்பார். எங்கள் நால்வருக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது. மூன்று எழுத்தாளர்களில் ஒருவருக்கு அது வேண்டிய மட்டும் உண்டு. ஆனால் அன்றைக்கு எங்களுடைய பயமே அவர்தான்.

வாழ்நாளில் நான் அதிகம் படித்த எழுத்தாளர்கள் யார் என்று இருபத்து மூன்று வயதுக்காரன் எழுதினால் சிரிப்பார்கள். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். ஆகையால் எனக்கு முன்னால் படிக்காமல் போனவர்களின் வாழ்நாளையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தாலும் இந்த மூவர்தான் வருகிறார்கள். ஒருவர் துப்பறியும் கதைக்காரர். பிணம் கிடக்கும் அறைக்குள் நுழையுமுன் வாசல் திரைச்சீலையின் நிறம், தையல், விலை எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். இன்னொருவர் கடற்பயணம் எழுதுகிறவர். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அங்கே சோறு கிடைக்குமா என்பதுதான் அவருக்கு முதல் கவலை. மூன்றாமவர் சாதியையும் சடங்கையும் பற்றி எழுதுகிறவர். எந்தப் பத்தியையும் கேள்வியில்தான் முடிப்பார். படிக்கும்போது யாரோ என் சட்டையைப் பிடித்து, "பதில் சொல்லிவிட்டுப் போ" என்பது போலிருக்கும்.

புத்தகங்கள் மூவார் பட்டணத்தில் இருந்த ஒரு வாசகசாலையின் இரவல். எங்கள் தோட்டம் தங்காக்கிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் மாற்றி வருவேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வாத்தியார் வேலை. அதுவும் கிராணியார் தயவில் கிடைத்தது. கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். வழியில் என் கையில் புத்தகத்தைக் கண்டால், "தம்பி, உந்தக் குப்பையை இன்னும் விடேல்லையோ?" என்பார். நான் சிரித்து வைப்பேன்.

அது ரப்பர் விலை விழுந்த காலம். செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் கிராணியார் ஒரு பேரின் மேல் கோடு இழுத்தால் அந்த ஆளுக்கு மறுநாள் வேலை இல்லை, லயத்தில் அறை இல்லை, ஊருக்குப் போகும் கப்பல்தான் கதி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்டத்தில் சிலர் கூடி உட்கார்ந்து மூன்றாமவரின் கட்டுரையை வாசித்ததற்காகவே அவர்கள் பேர் செக்ரோலிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு பேச்சு உலவியது. உண்மையோ பொய்யோ, கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா இங்கே வந்தபோது மீசை முளைக்காத வயது. அம்மாவுக்கு ஊரில் யாரும் மிச்சமில்லை. தங்கை பிறந்ததே இந்த லயத்தில்தான். கப்பலேற்றிவிட்டால் எங்கே போய் இறங்குவோம்?

அன்று அப்பா ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு வந்ததும் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"நாளைக்குத் தொரை லயத்துக்கு வர்றாராம். ஒரு குப்பை கெடக்கக் கூடாதாம். கெடந்தா அந்த வீட்டுப் பேரை எடுத்துடுவாராம். எல்லாருக்கும் சொல்லிட்டு, கிராணியாரு என்னையப் பார்த்து, 'உம்மடை மோனுக்கும் சொல்லும்'ங்கிறாரு."

"நம்ம புள்ளைக்கா? அவனுக்கு எதுக்கு?" என்றாள் அம்மா.

அப்பா என் புத்தகங்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கிராணியார் எதைக் குப்பை என்று சொல்வார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"அடுப்புல போட்டுடு," என்றார் அப்பா.

"ஐயோ, இரவல் புத்தகம்பா."

"இதுல எது அந்த ஆளு எழுதினது?"

காட்டினேன். அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகத்தான் பிடித்திருந்தார்.

"அவன் பேரு எங்க போட்டிருக்கு?"

"அட்டையில. உள்ள முதல் பக்கத்துல."

"அதை மட்டும் எடுத்துடு. பேரை எடுத்துட்டா ஆளு இல்லல்ல?"

செக்ரோலில் அப்படித்தான் நடக்கிறது. அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. படித்தவனல்லவா, நான் ஒரு படி மேலே போனேன். ஒருவர் பேரை மட்டும் எடுத்தால் சந்தேகம் வரும், எல்லார் பேரையும் எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னேன். எட்டுப் புத்தகங்களையும் பாயில் பரப்பினோம். தங்கை ஒவ்வொரு பேரையும் எழுத்துக் கூட்டி வாசிப்பாள், நான் கிழிப்பேன். அட்டை சுலபத்தில் வரவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு அக்கா குரல் கொடுத்தார்.

"வாத்தியார் வீட்டுல என்ன கிழியுது? தீபாவளிக்குப் புதுசு எடுக்கப் போறீங்களா?"

"பழைய வேட்டிக்கா. கரித்துணிக்கு," என்றாள் அம்மா.

"அலமாக்! எத்தனை வேட்டிதான் வச்சிருக்காரு உங்க வீட்டுக்காரரு!"

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா முறைத்தார். கிழித்த பக்கங்களை அம்மா உடனே சோற்றுப் பானைக்கு அடியில் திணித்தாள். வெளியே லயத்து வரிசை நெடுகத் தேங்காய்ச் சிரட்டைகள் உருளும் சத்தமும் பெருக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. எங்களுக்கு அவை காதில் விழுந்தும் விழவில்லை.

மறுநாள் எல்லாரும் வேலை முடிந்து திரும்பிய நேரத்துக்குத் துரை வந்தார். பின்னால் குடையுடன் கிராணியார். துரை எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் போனார். எங்கள் வீட்டின் பின்புறம் நின்று, கைத்தடியால் எதையோ தட்டினார். எட்டிப் பார்த்தேன். அப்பா பால் மரத்தில் கட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சிரட்டைகள். எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர். தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. வரிசையில் மற்ற எல்லார் முற்றமும் துடைத்து வைத்தது போலிருந்தது.

கிராணியார் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

"உமக்குச் சொல்லச் சொன்னனே! குப்பையெண்டது உந்தச் சிரட்டையைத்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளையளைக் கொண்டு பொறுக்க வைப்பீர் எண்டு நினைச்சன். உம்மடை வீட்டிலையே கிடக்குதே, காணேல்லையோ?"

துரை அறை வாசலுக்கு வந்து தலையை நீட்டினார். பாயின் மேல் அடுக்கி வைத்திருந்த மொட்டைப் புத்தகங்களைத் தடியால் காட்டி ஏதோ கேட்டார். கிராணியார் உள்ளே வந்து மேலே இருந்ததை எடுத்தார்.

"முதல் பக்கம் எங்கை?"

"இல்லைங்க ஐயா," என்றேன்.

நின்றபடியே நாலு வரி வாசித்தார். முகம் கொஞ்சம் இளகியது. "திரைச்சீலையின்ரை விலை சொல்லுறான். உவன் அவன்தானே," என்று துப்பறியும் கதைக்காரரின் பேரைச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். நாலு வரியில் இவரைக் கண்டுபிடித்தவர் அடுத்தவரை விடுவாரா?

அடியிலிருந்து ஒன்றை உருவினார். அதேதான். உதடு அசைய ஒரு பத்தியைப் படித்தார். பத்தி கேள்வியில் முடிந்திருக்கும். பிறகு, துரைக்குக் கேட்காத குரலில், "இது ஆரெண்டு நான் சொல்ல வேணுமோ தம்பி?" என்றார். அம்மா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் துரை அவசரப்பட்டார்.

"ஸ்டோரி புக், சார்," என்றார் கிராணியார். புத்தகத்தைக் குப்புற வைத்து, மேலே மற்றவற்றை அடுக்கினார்.

வெளியே போய் இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. செக்ரோல் என்ற சொல் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தது, இரண்டு தரம். அப்பா தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் கிராணியார் திரும்பினார்.

"சிரட்டைக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பு. பேர் இருக்கு."

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் அம்மா, "பேரு இருக்குன்னாருல்ல? இருக்குன்னுதானே சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சிரட்டைகளைக் கவிழ்க்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களைத் துணியில் கட்டிக்கொண்டு மூவாருக்குப் போனேன். வாசகசாலைக்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, உங்க ஊருக் கரையானுக்குப் படிக்கத் தெரியுமோ? பேரை மட்டும் தேடித் தின்னிருக்கே!"

அவர் எட்டுக்கும் விலை போட்டார், நான் முன்பணமாகக் கட்டியிருந்ததைப் பிடித்துக்கொண்டார், இனி இரவல் இல்லை என்றார். மொட்டைப் புத்தகங்களை என் பக்கமே தள்ளினார்.

அன்றிலிருந்து மூன்று வருஷத்துக்கு எங்கள் அறையில் வேறு புத்தகம் நுழையவில்லை. மூவரையும் திரும்பத் திரும்பப் படித்தேன். தங்கையும் அவற்றில்தான் வாசிக்கப் பழகினாள். சோறு கேட்கிறவர் எழுதியதை வாசிக்கச் சொல்லி அப்பா சில சமயம் பக்கத்தில் வந்து உட்காருவார். இவர்களைவிடப் பெரிய எழுத்தாளர்கள் இருக்கலாம். என் கையில் இருந்தவர்கள் இவர்கள். விலையை என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டி முடித்தேன். அப்பா சம்பளத்தில் பிடித்த அரை நாளையும் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு பதினோரு வெள்ளி இருபது காசு.