இரண்டு வார்ப் பை

விழுப்புரம் கடைத்தெருவில் ஒரு பச்சை கான்வாஸ் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, நாலடி நடந்து திரும்பினாள் என் நாத்தனார். "அண்ணி, பாருங்க, கை ரெண்டையும் வீசிக்கினு போலாம்!" என்று சிரித்தாள். "மிலிட்டரிக்கா போற பாப்பா?" என்றார் கடைக்காரர். அந்தக் கேலிதான் என்னைப் பயமுறுத்தியது.

அவள் கல்லூரிப் பெண்கள் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு நான்கு நாள் நடைப்பயணம் போக ஏற்பாடாகியிருந்தது. என் மாமனாரிடம் மன்றாடித்தான் அனுமதி வாங்கியிருந்தாள். இதை ஒழுங்காக முடித்தால் அடுத்த ஆண்டு மலையேற்ற முகாமுக்கும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பை வாங்கித் தரும் பொறுப்பு என்னுடையது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு, சுமை என்றாலே ஒரு பக்கம் சாய்ந்து சுமப்பதுதான். இரண்டு வார்களுக்கும் நடுவே அவள் தாவணி கயிறாகச் சுருண்டதை மட்டுமே பார்த்தேன்.

"வேணாம்மா, தாவணி நிக்காது. ரோட்ல போறவன்லாம் உத்துப் பாப்பான்."

"ஊக்கு குத்திக்கிறேன் அண்ணி."

நான் ஒற்றை வார் வைத்த ரெக்சின் பையை வாங்கினேன். அதோடு விட்டேனா? போர்வை, குடை, முறுக்கு டின் என்று பயந்து பயந்து அடைத்தேன்.

இரண்டாம் நாளே ஓர் ஆசிரியையின் துணையோடு செஞ்சியிலிருந்து பஸ்ஸில் திரும்பிவிட்டாள். வலது தோளில் தோல் வழன்று ரவிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீரில் நனைத்து நான்தான் பிரித்தெடுத்தேன். "பொட்டப்புள்ளைக்கு ஒத்துவராதுன்னு அப்பவே சொன்னேன். போதும் இந்த ஆட்டம்," என்றார் மாமனார். அவள் கால்கள் நன்றாகத்தான் இருந்தன மாமா, தப்பு பையில், அதைத் தேர்ந்தெடுத்தது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். குழந்தைக்குப் பசி என்று உள்ளே போய்விட்டேன். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முகாம் பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம்.

போன வாரம் வந்திருந்தாள். அன்று என் இடுப்பில் இருந்த மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். புதுப் பையை ஒரு தோளில் தொங்கவிட்டுக் கிளம்பியவளை நிறுத்தி, மறு வாரையும் மாட்டி, அளவு பார்த்து இறுக்கினாள் நாத்தனார். "ரெண்டு தோள்லயும் போடணும் கண்ணு. அப்பதான் ரொம்ப தூரம் போலாம்."

குனிந்தபோது ரவிக்கை ஓரத்தில் அந்தத் தழும்பு தெரிந்தது.

"அன்னிக்கு உங்கப்பாகிட்ட நான்..." என்று ஆரம்பித்தேன்.

"பஸ்ஸு வந்துடப் போவுது அண்ணி," என்றாள்.

மகள் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு தெருமுனைவரை போனாள். அதைப் பார்த்து நாத்தனார் சிரித்தாள், கடைத்தெருவில் சிரித்த அதே சிரிப்பு. நான் தொடங்கிய வாக்கியம் இன்னும் பாதி வழியிலேயே நிற்கிறது.